இரண்டு மல்லிகை நகர்

தாம்பரத்தைச் சுற்றி வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும், மேடம். இங்கே மனை போட்டு விற்றவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம். பூ பெயர், சாமி பெயர், தலைவர் பெயர், மனை போட்டவரின் மனைவி பெயர். அதோடு தீர்ந்துவிடும். அதனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று நகர் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு இரண்டாவது குறுக்குத் தெரு இருக்கும். தபால்காரருக்கு வித்தியாசம் தெரியும். இயந்திரத்துக்கு அறவே தெரியாது.

நேற்று நீங்கள் என்னிடம் தாளும் பேனாவும் கொடுத்து, "அவசரமில்ல, நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றீர்கள். நன்றி. கணினியில் எழுதியே பழகிவிட்டதால் என் கையெழுத்து சுமாராக இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

என் பெயர் எலியேசர். வயது முப்பத்தாறு. ஊரப்பாக்கத்தில் அம்மா ரத்தினபாயுடன் இருக்கிறேன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், ஒரு செல்போன் கடையின் மாடியில் இயங்கும் 'சீக்கிரம்' என்ற ஆம்புலன்ஸ் சேவையின் மென்பொருளை எழுதியவன் நான். சேவையை நடத்துகிறவன் ஆஸ்டின். கல்லூரியில் நாலு வருஷம் ஒரே பெஞ்ச். அவனுக்குப் பேச்சு வரும், எனக்கு வேலை வரும். எங்களுக்குள் அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

என் அப்பா சுந்தர்சிங் இறந்தது ஒன்பது வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. நெஞ்சு கனக்கிறது என்றார். அம்மா ஒரு தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முகவரியைச் சொன்னார். அங்கே இருந்தவர் அதைக் கணினியில் அடித்தார். வரைபடத்துக்கு எங்கள் தெரு தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று அது சொல்லாது. பின்கோடுக்கு உட்பட்ட பரப்பின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, இதுதான் நீ கேட்ட வீடு என்று கொடுத்துவிடும். எங்களுக்கு அந்த நடுப்புள்ளி ஏரிக்கரையில் விழுந்திருந்தது. வண்டி ஏரிக்கரையில் நாற்பது நிமிஷம் நின்றது.

நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். மற்றதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டியிருக்கிறார். பொத்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டதில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்ததாம். செருப்பையும் போட்டுக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அம்மா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஓடியிருக்கிறார். "வண்டி வந்துடுச்சா" என்று அப்பா மூன்று தடவை கேட்டாராம். நாலாவது தடவை கேட்கவில்லை.

அந்தப் பொத்தான் விஷயத்தை நான் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். குரோம்பேட்டை ஸ்டேஷன் எதிரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு ஆஸ்டினிடம் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதான். "நாமளே ஒண்ணு பண்ணலாம் மச்சான். இனிமே எந்த வண்டியும் ஏரிக்கரையில நிக்கக் கூடாது" என்றான். 'சீக்கிரம்' அப்படித்தான் ஆரம்பித்தது.

முகவரி என்பது மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதுவது. வண்டியை அனுப்ப அது போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் வேண்டும். எழுத்தை எண்ணாக மாற்றுவதற்குத்தான் நான் ஜாவாவில் நிரல் எழுதினேன். செகண்ட் கிராஸ், இரண்டாம் குறுக்கு, 2வது கு.தெரு எல்லாம் ஒன்றுதான் என்று அது முதலில் புரிந்துகொள்ளும். பிறகு நான் கையால் தயாரித்த ஒரு பட்டியலில் தேடும். அதில் இருந்தால் அந்த எண்கள்தான் முடிவு. இல்லாவிட்டால் மட்டும் வெளியே இருக்கும் வரைபடச் சேவையிடம் கேட்கும். அந்தப் பட்டியல்தான் 'சீக்கிர'த்தின் உயிர். இந்த வருஷக் கணக்குப்படி மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு வரிகள். ஒவ்வொரு வரியும் நான் அந்த வாசலில் நின்று எடுத்தது. தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். கடைசி இலக்கம் மாறினால் ஒரு சாண்கூட நகராது. அவ்வளவு துல்லியம்.

நான் தனியாகச் செய்யவில்லை. ஆஸ்டினின் அப்பா ஜெபராஜ் அங்கிள் கூட வந்தார். தபால் துறையில் முப்பத்து நாலு வருஷம் சைக்கிள் மிதித்தவர். கிழக்குத் தாம்பரம், சேலையூர், பிறகு முடிச்சூர்ப் பக்கம் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னால் தொப்பியோடு ஏறிக்கொள்வார். "இந்தக் கதவு எண் பழசுப்பா, புது நம்பரு பின்பக்கம் எழுதியிருப்பான் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும்.

அவர் வீடு கிழக்குத் தாம்பரத்து மல்லிகை நகர், இரண்டாவது குறுக்குத் தெரு, பதினாலாம் எண். படப்பை போகிற வழியில் இன்னொரு மல்லிகை நகர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல். "எனக்கு வர்ற லெட்டர்ல பாதி அங்க போயி ஊரைச் சுத்திட்டுத்தான் வரும். தபால்காரன் வூட்டுக்கே இந்தக் கதி" என்று சிரிப்பார். வரைபடச் சேவைக்குக் கிழக்கு என்ற சொல் ஒரு பொருட்டே இல்லை. மல்லிகை நகர் என்றால் படப்பைப் பக்கத்தைத்தான் காட்டும். அதனால் அவர் வீட்டை இருநூற்றுப் பதினாலாவது வரியாகச் சேர்த்தேன். நாலு வருஷத்துக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது எங்கள் வண்டி ஆறாவது நிமிஷம் அவர் வாசலில் நின்றது. அன்று ஆஸ்டின் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஐதராபாத்தில் ஒரு பெரிய கூட்டத்தில் ஆஸ்டினைப் பேசக் கூப்பிட்டார்கள். பதினாலு நிமிஷப் பேச்சு. பத்து நாள் கழித்து வீடியோவை அனுப்பினார்கள். மத்தியானம் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். மேடையில் வெளிச்சம் அவன் மேல் மட்டும் இருந்தது. மூன்றாவது நிமிஷத்தில், "என் அப்பா ஒரு புதன்கிழமை காலையில் இறந்தார்" என்றான் ஆங்கிலத்தில்.

ஏரிக்கரையைச் சொன்னான். நாற்பது நிமிஷத்தைச் சொன்னான். தெருமுனைக்கு ஓடிய அம்மாவைச் சொன்னான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, "அவசரத்தில் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்" என்றான். கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கேமரா காட்டியது. அப்புறம் அந்த வலியைத் தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனிடம் சொன்னதாகவும், அந்தப் பையன் நிரல் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னான். அந்தப் பையன் நான்.

நான் கோபப்படுகிறவன் இல்லை, மேடம். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அவன் அறைக்குப் போனேன்.

"மச்சான், மேடைக்கு அப்படித்தான் சொல்லணும்டா" என்றான். "ஃபிரெண்டோட அப்பான்னு சொன்னா எவனுக்குடா உறைக்கும்? தன் கதையா சொன்னாத்தான் எடுபடும்."

"அது எங்கப்பாடா."

"உங்கப்பா எனக்கு அப்பா இல்லையா?"

இருக்கிற அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு என் அப்பாவை எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சமிருந்தது அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான். சட்டையும் செருப்பும் நாற்காலியும்தான். அதையும் ஒரு ஹால் நிறையப் பேரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவரால் தாங்க முடியாது.

ஜெபராஜ் அங்கிளிடம் சொல்லலாம் என்று தோன்றியது. நியாயமானவர். மார்ச் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்டின் வெளியே போயிருந்தான். அவன் மனைவி ஜெரூஷா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். என் போனை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு முழுவதும் பார்த்தார். மகன் தன் சாவைச் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சிரித்தார்.

"நல்லா சாகடிச்சுட்டான் என்னை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துவிட்டு என் முழங்காலில் கை வைத்தார். "தப்புதான் தம்பி. ஆனா நல்ல காரியத்துக்குத்தானே பேசியிருக்கான். நீ மனசுல வச்சுக்காத. விட்டுடு" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் எனக்குப் பகை இருந்ததாக யாரும் நினைக்கக் கூடாது. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். தான் செத்ததாகச் சொல்லப்பட்ட கதையை ஒருவர் முழுசாகக் கேட்டு, சிரித்து, விட்டுவிடு என்கிறார். அப்படியென்றால் அந்தக் கதை அவருக்குச் சம்மதம். அந்த நாற்காலியில் உட்கார அவர் ஒத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்ததும் பட்டியலைத் திறந்து இருநூற்றுப் பதினாலாவது வரியை எடுத்துவிட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நேற்று நீங்கள், "பொய்யான எண்ணைப் போட்டீர்களா" என்று கேட்டீர்கள். இல்லை. நான் எந்தப் பொய்யையும் எழுதவில்லை. என் உழைப்பில் ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நான் பிறக்காமலே இருந்திருந்தால் அவர் முகவரிக்கு வரைபடம் என்ன சொல்லியிருக்குமோ அதைத்தான் இனிச் சொல்லும். என் அப்பாவுக்கு அப்படித்தானே சொன்னது.

சரிபார்க்க என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். படப்பைப் பக்கம் காட்டியது. இன்னொரு தடவை ஓட்டினேன். மொத்தம் பதினோரு தடவை. அதே இடம்.

ஒரே பெயரில் இரண்டு இடம் இருந்தால் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வரும்படி முன்பு எழுதியிருந்தேன். அது அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கிறது என்று அழைப்புகளைக் கவனிக்கும் ஓவியா ஏற்கெனவே குறைப்பட்டிருந்தாள். அவள் சொன்னதும் சரிதான். அந்த ஒரு நகருக்கு மட்டும் எச்சரிக்கையை நிறுத்தினேன்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நான் காத்திருந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அங்கிளுக்குப் போன் செய்து, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை சாப்பிட்டாரா என்று விசாரிப்பேன். எப்போதும் விசாரிப்பதுதான். அவருக்கும் சந்தோஷம். "பெத்தவன் கேக்கறதில்ல, நீ கேக்கற" என்பார்.

ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. காலை பத்து ஐம்பத்திரண்டு. எங்கள் சேவையில் பதிவு செய்துகொண்ட வீடுகளுக்குப் போனில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் போதும், பதிவான முகவரி எண்களாக மாறி, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத் தகவல் போகும். ஜெரூஷா அதை அழுத்தியிருந்தாள். புள்ளி படப்பைப் பக்கத்தில் விழுந்தது. அதனால் முடிச்சூர் ரோட்டில் இருந்த பாலுவின் வண்டி கிளம்பியது. சேலையூரில், கேம்ப் ரோட்டில், இன்னொரு வண்டி சும்மா நின்றிருந்தது. அங்கிள் வீட்டுக்கு அங்கிருந்து ஆறு நிமிஷம்.

ஓவியா திரையைப் பார்த்து, "சார், ஜெபராஜ்னா ஆஸ்டின் சாரோட அப்பாதானே?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் பாத்துக்கறேன், நீ மத்த கால்ஸைப் பாரு" என்றேன். அந்த அழைப்பை என் மேஜைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின் அன்று காலை விமானத்தில் மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தான். பதினொன்றரை வரை போன் வேலை செய்யாது. அது தற்செயல். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜெரூஷா பதினொன்று இரண்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது. இடது கை வலிக்குதுன்றாரு. வண்டி எங்க இருக்கு?"

"வந்துட்டு இருக்கும்மா. பதட்டப்படாத."

பதினொன்று ஒன்பதுக்குப் பாலு பேசினார். ஓட்டுநர்கள் நோயாளியின் வீட்டுக்கு நேரடியாகப் பேசக் கூடாது, அலுவலகம் மூலம்தான் பேச வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. பதற்றத்தில் இருப்பவர்கள் வழியைக் குழப்பிவிடுவார்கள்.

"சார், மல்லிகை நகர் ரெண்டாவது கிராஸ்ல நிக்கறேன். பதினாலாம் நம்பரே இல்ல சார். பத்தோட முடிஞ்சிபூட்ச்சு. அப்பால காலி மனைதான் கீது. ஜெபராஜ்னு யாரும் இல்லன்றாங்கோ."

"உள்ள தள்ளி வீடு இருக்கும் பாலு. விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்துவிட்டு எட்டு நிமிஷத்தில் மறுபடி பேசினார். "பேஜாரா கீது சார். கிழக்குத் தாம்பரத்துல இன்னொரு மல்லிகை நகர் கீதுன்னு இங்க ஒரு அக்கா சொல்லுது. வண்டிய அங்க வுடட்டுமா?"

நான் யோசித்தேன். இரண்டு வினாடி இருக்கும். அந்த இரண்டு வினாடியில் கேம்ப் ரோட்டு வண்டி என் திரையில் பச்சைப் புள்ளியாக நின்றிருந்தது.

"வேணாம். மேப் சரியாத்தான் இருக்கு. அங்கயே நில்லுங்க" என்றேன். அவர் நல்ல மனுஷர். சொன்னதைக் கேட்பவர். வண்டியை அங்கேயே நிறுத்தினார்.

ஜெரூஷா மறுபடி கூப்பிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது. "அண்ணா, எதிர்வீட்டு முகிலன் சார் கார் எடுக்கறேன்னு நிக்கறாரு. அதுல கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"வேணாம்மா" என்றேன். "கார்ல ஆக்ஸிஜன் இருக்காது. வண்டி அஞ்சே நிமிஷத்துல வந்துடும். நீ ஒண்ணு பண்ணு. கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு மாமாவை உக்கார வை. வந்த உடனே ஏத்த வசதியா இருக்கும்."

"சரிண்ணா."

"சட்டை போட்டுட்டாரா?"

"பனியனோட இருக்காரு."

"சட்டை போட்டு விடும்மா. செருப்பும் மாட்டி விடு. ஆஸ்பத்திரிக்குப் போறாரில்ல."

அவள் போனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள். அவர்கள் நடப்பது கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முகிலன் ஏதோ சொன்னார். ஜெரூஷா அவரிடம், "இல்ல சார், எலியேசர் அண்ணனே பாத்துட்டு இருக்காங்க, வந்துடுமாம்" என்று சொன்னாள். பிறகு அங்கிள் போனை வாங்கினார். மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசினார்.

"தம்பி, வண்டி கேம்ப் ரோடு தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு அங்கிள்."

"நீ பாத்துட்டு இருக்கேல்ல?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப சரி" என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு அந்த முனையில் பேச்சு நின்றது. ஜெரூஷா அழுததுகூட எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் யாருடைய குக்கரோ விசில் அடித்தது, அதுதான் கேட்டது. போனை வைத்துவிட்டு, பட்டியலைத் திறந்து, இருநூற்றுப் பதினாலாவது வரியைப் பழையபடி சேர்த்தேன். மஞ்சள் எச்சரிக்கையையும் திருப்பி வைத்தேன். அதே தெருவில் வேறு வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது அல்லவா.

அடக்கத்துக்கு எல்லா வேலையும் நான்தான் பார்த்தேன். பந்தல், நாற்காலி, பாஸ்டருக்கு வண்டி எல்லாம். ஆஸ்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "வண்டி வரல, வண்டி வரல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டான். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த டீக்கடையில் அவன் அழுதது எனக்காக என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் அவன் உண்மையாக அழுகிறான் என்று பட்டது. ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இனி அவன் எந்த மேடையில் அந்தக் கதையைச் சொன்னாலும் பொய் ஆகாது.

மூன்றாம் நாள் ஜெரூஷா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, நீங்க அந்த வீடியோ காட்டிட்டுப் போனீங்கள்ல, அன்னிக்கு மாமா சாப்பிடவே இல்ல. உங்க முன்னாடிதான் சிரிச்சாரு. இவர் வந்ததும் பிடிச்சுக்கிட்டாரு. 'அந்தப் புள்ளையோட அப்பனை எடுத்துக்க உனக்கு யாருடா உரிமை கொடுத்தா? எல்லார் முன்னாடியும் அவன் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேக்கற வரைக்கும் என்னை அப்பான்னு கூப்பிடாத'ன்னு சொல்லிட்டாரு. ஒரு மாசமா ரெண்டு பேரும் சரியாப் பேசல. அப்புறம் இவரும் ஒத்துக்கிட்டாரு. ஈஸ்டர் முடிஞ்சு ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றதா இருந்தாரு. நேரா உங்ககிட்ட சொல்ல வெக்கம்."

இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதே சமயம், அவர்களில் ஒருவராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்தேன். அத்தனை தடவை போனில் பேசினேன். அங்கிள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் வைத்துக்கொண்டது யார் தவறு?

விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள். வெளியிலிருந்து ஒரு நிபுணரையும் அழைத்து வந்தீர்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பாலுவை நிற்கச் சொன்னதை வரைபடத்தை நம்பியதாகவும், வரியைத் திரும்பச் சேர்த்ததைப் பிழையைத் திருத்தியதாகவும் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்டின்தான் உங்களிடம், "எலியேசர் எங்க குடும்பத்துல ஒருத்தன் மேடம், அவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று சொன்னான். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. கைத்திருத்தப் பட்டியலில் ஏற்பட்ட பிழையால் வண்டி தவறான இடத்துக்குச் சென்றது. முறையான பயிற்சி இல்லாதவர்கள் கையால் தொகுத்த பட்டியல் நம்பகமானதல்ல. நாலாம் பக்கம், இரண்டாவது பத்தி. ஆஸ்டின் அதைப் படித்துவிட்டு அன்றே பட்டியல் முழுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டான். மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு வாசல்கள். இப்போது ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டால் வண்டி மறுபடி ஏரிக்கரைக்குத்தான் போகும்.

அன்று அம்மா போட்ட சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மறுநாள் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னைத் தேடி யாரும் வரவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஆகவே இதை என் சுயநினைவோடு எழுதுகிறேன். வரியை எடுத்தது நான். பாலுவை அங்கேயே நிற்கச் சொன்னது நான். காரை வேண்டாம் என்றதும், கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னதும் நான். ஜெபராஜ் அங்கிள் சாகட்டும் என்று தெரிந்தே செய்தேன். இதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். வக்கீல் வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். நாலாம் பக்கத்தில் இருக்கும் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். பட்டியலில் பிழை இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. ஆஸ்டினும் நிபுணரும் அதை நம்பப்போவதில்லை. அந்த வேலையை என்னோடு தெருத்தெருவாக வந்து பார்த்தவர் ஒருவர்தான். ஜெபராஜ் அங்கிள் மட்டும் இன்று இருந்திருந்தால், எனக்காக அவரே வந்து உங்களிடம் பேசியிருப்பார்.